பால்காரியின் ஊருக்குப் போன பால்மா

தவக்காலம் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் பால் தேத்தண்ணியை விட்டுவிடுவார்கள். இறைச்சியை விடுவதற்கு ஆயிரம் சாட்டுச் சொல்பவர்கள்கூட இதில் கண்டிப்பு. டென்மார்க் குளிரில், விடிய வேலைக்குப் போகுமுன் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பெரிய தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். மிச்சம் பிடித்த காசு எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்தின் உண்டியலுக்குப் போகும். பாஸ்குப் பெருநாள் முடிந்ததும் அதை எங்காவது கஷ்டப்பட்ட சனத்துக்கு அனுப்புவோம்.

இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் விடுகிறவள்தான். என் கோபமெல்லாம் போன வருடம் எங்கள் சங்கத் தலைவர் அந்த உண்டியலை வைத்துச் செய்த வேலையில். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நான் ஹோர்சன்ஸ் நகரில் இருக்கிறேன். பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு பால்மாத் தொழிற்சாலையில் வேலை. மேலே குழாயிலிருந்து மா கொட்டும், மூட்டை நிறையும், மெஷின் வாயைத் தைக்கும், பழுது இருக்கிறதா என்று நாங்கள் பார்த்து அனுப்பவேண்டும். பால்மா என்று சொல்கிறேனே தவிர, பெரும்பகுதி முழுப் பாலில்லை. கொழுப்பை வெண்ணெய்க்கு எடுத்துவிட்டு, மிஞ்சியதில் பாம் எண்ணெயைக் கலந்து மாவாக்குவார்கள். சரியான மலிவு. இங்கே ஒருவரும் அதைத் தன் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கமாட்டார். மூட்டையில் பிரெஞ்சில் எழுதி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுவார்கள்.

என் பக்கத்தில் நின்று வேலை செய்த தோழி அந்தப் பக்கத்துப் புர்கினா பாசோவில் பிறந்தவள். எங்கள் இருவருக்கும் பொது மொழி டெனிஷ்தான், அதுவும் இருவருக்கும் நொண்டி. அவளுடைய அக்கா அங்கே ஒரு சின்னப் பால்நிலையம் நடத்தினாள். மாடு மேய்க்கிற குடும்பத்துப் பெண்கள் காலையில் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அக்கா காய்ச்சி, தயிராக்கி, சீனி போட்டுச் சின்னப் பைகளில் அடைத்து விற்பாள். பால் காய்ச்சும் பெரிய பாத்திரமும் குளிர்ப்பெட்டியும் டெனிஷ் உதவிப் பணத்தில் வந்தவை. திறப்புவிழாவுக்கு இங்கிருந்து ஆட்கள் போய் ரிப்பன் வெட்டினார்களாம். மின்சாரம் நின்றால் ஓட்ட ஜெனரேட்டர் வேண்டும். அதற்கு உதவி இல்லை, கடன்தான். அபிவிருத்திக் கடன் என்று பெயர். அபிவிருத்தி வந்தாலும் வராவிட்டாலும் கட்டவேண்டிய கடன்.

பாத்திரம் வந்த அதே அயல்நாட்டுத் துறைமுகத்தில்தான் எங்கள் மூட்டைகளும் போய் இறங்கின. சந்தையில் அந்த மாவில் செய்த தயிர் அக்காவின் தயிரில் பாதி விலை. கடைகள் ஒவ்வொன்றாக அவளைக் கைவிட்டன. கடைசியில் நம்பிக்கையாக வாங்கியது ஒரு மிஷன் பாடசாலை மட்டும். பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டோடு கொடுக்க ஒவ்வொரு பள்ளி நாளும் எடுத்தார்கள். அந்தப் பாடசாலை இருக்கும்வரை பால்நிலையமும் இருக்கும், பால் ஊற்றும் பெண்களும் பிழைப்பார்கள். தோழி இதை என்னிடம் சொன்னது கன்டீனில், ரை பாணைக் கடித்துக்கொண்டு. என் சம்பளத்தில் வெட்டுகிற வரியில் ஒரு துண்டு அந்தப் பால்நிலையத்தைக் கட்டியிருக்கிறது, என் கையால் அனுப்பிய மூட்டை அதை இடிக்கிறது.

அவளும் எங்கள் கோவிலுக்குத்தான் வருவாள். பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது அந்தப் பாடசாலையைப் பற்றி யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அது தலைவரின் காதுக்குப் போயிருக்கிறது. தவக்காலம் முடிந்த அடுத்த தமிழ்ப் பூசைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வரும்படி என்னிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

மண்டபத்தில் றோல்ஸும் வடையும் பரிமாறி முடிய, தலைவர் மைக்கைப் பிடித்துத் தோழியைக் காட்டினார். “இந்தமுறை உண்டியல் காசிலை ஒரு கொள்கலன் மூலை நிறையப் பால்மா வாங்கியிருக்கிறம். எங்கடை இந்தத் தங்கச்சி படிச்ச ஊர்ப் பாடசாலைக்குத்தான் போகுது. நாங்கள் விட்ட பாலை அந்தப் பிள்ளையள் குடிக்கட்டும்!”

ஒரே கைதட்டல். எங்கள் தொழிற்சாலையிலேயே கழிவு போட்ட மலிவு விலையில் வாங்கியிருக்கிறார். ஏதோ தானே கறந்த பால் மாதிரி அவருக்குப் பெருமை. நான் அதைத் தோழிக்கு டெனிஷில் சொன்னேன். அவள் எழுந்து மைக்கைக் கேட்டாள். அவள் சொல்ல நான் தமிழாக்கினேன்.

“தயவுசெய்து அனுப்பாதேங்கோ எண்டு கேக்கிறா. அந்தப் பாடசாலை இவவின்ரை அக்காவிட்டைத்தான் பால் வாங்குது. சும்மா கிடைச்சா வாங்கமாட்டினம். அந்தக் காசைப் பாடசாலைக்குக் குடுங்கோ, அவை ஊர்ப் பாலை வாங்கட்டும் எண்டு சொல்லுறா.”

தலைவர் சிரித்தார்.

“கோடையிலை அங்கை மாடு வத்திப்போகுமெண்டு நானும் வாசிச்சனான். அப்ப பிள்ளையள் என்ன செய்யிறது?”

“கோடையில் கஷ்டம்தான்,” என்று அவளே ஒத்துக்கொண்டாள். “அப்போது அக்காவே கொஞ்சம் மா வாங்கிக் கலப்பாள். மற்ற நாட்களில் எங்களிடம் பால் இருக்கிறது. வாங்கத்தான் ஆளில்லை.”

“காசாக் குடுத்தா அது ஆரின்ரை பைக்குள்ளை போகுதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார் தலைவர். “சாமானாக் குடுத்தாத்தான் பிள்ளையின்ரை வாய்க்குப் போகும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அண்ணை, நீங்கள் ஊரிலை வீடு கட்டக் காசு அனுப்பேக்கை சிமெந்தாவோ அனுப்பினீங்கள்? உங்கடை தம்பி கையிலை காசு குடுக்கலாம், இவவின்ரை அக்கா மட்டும் கள்ளியோ?” என்று கேட்டேன்.

அவருடைய குரல் உடைந்தது. “தங்கச்சி, போர் நேரம் எங்கடை ஊருக்குச் சாமான் தடை போட்ட காலத்திலை ஒரு பெட்டி பால்மாவுக்கு நான் ஒரு நாள் முழுக்க வரிசையிலை நிண்டனான். என்ரை மூத்தவனுக்கு அது கிடைக்கேல்லை. பால்மாவை வேண்டாமெண்டு சொல்லுற வாயை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

அவ்வளவுதான். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். தோழியை நன்றி கெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எனக்கும் அந்தத் தடைக்காலம் தெரியும். அகதி முகாமில் யாரோ வெளிநாட்டார் போட்ட தடுப்பூசியில் வளர்ந்தவள் நான், உதவியே கூடாது என்று சொல்லும் கொழுப்பு எனக்கில்லை. ஆனால் எங்கள் ஊரில் அன்றைக்குப் பால்மா வராமல் பிள்ளைகள் காய்ந்தார்கள், அவளுடைய ஊரில் பால்மா வந்துதான் பால்காரி காய்கிறாள். தன் பசியை மட்டும் தெரிந்தவன் மற்றவனுக்குச் சோறு போடப் போனால் இப்படித்தான். கொடுக்கிறவர்கள் கேட்பதே இல்லை. கொடுக்கிற நாடுகளும் கேட்பதில்லை, நேற்றுவரை வாங்கித் தின்ற நாங்களும் கேட்கவில்லை. வாங்குகிறவள் மைக்கில் நின்று கெஞ்சினாலும் அவளுடைய தேவை எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமாம்!

அன்றோடு சங்கத்தை விட்டேன். மூட்டைகள் போயின. ஒரு தொண்டு நிறுவனம் தன் கொள்கலனில் இடம் கொடுத்தது. ஒரு பாடசாலைக்கு அவ்வளவு மா மாதக்கணக்கில் காணும். பாடசாலை பால் எடுப்பதை நிறுத்தியது. மழைக்காலத்தில், மாடு நிறையப் பால் கறக்கும் நாளில், அக்கா பால்நிலையத்தைப் பூட்டினாள். ஜெனரேட்டரைக் கடன்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். தோழி இதைச் சொல்லும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, இருவரும் கத்தித்தான் பேசினோம். அக்கா இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். ஏதோ வேலை கிடைத்திருக்கிறதாம், என்ன வேலை என்று சொல்கிறாள் இல்லை என்றாள்.

மார்கழியில் சங்கத்தின் கிறிஸ்மஸ் ஒளிவிழா. போவதில்லை என்றுதான் இருந்தேன். பாடசாலையிலிருந்து படங்கள் வந்திருக்கின்றன, ஊரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று தோழி கேட்டதால் அவளோடு போனேன். பிள்ளைகள் பாடி முடித்ததும் தலைவர் திரையில் படங்களைப் போட்டார். வெள்ளைக் கோப்பைகளோடு வரிசையில் பிள்ளைகள். உண்மையிலேயே சந்தோஷமான முகங்கள், அதை நான் மறைக்கவில்லை. அடுத்த படத்தில் ஒரு பெண் குனிந்து, நீல வாளி ஒன்றில் பெரிய கரண்டியால் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

தோழி எழுந்தாள். திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “இது என் அக்கா,” என்று டெனிஷில் சொன்னாள்.

அது தலைவருக்கு விளங்கிவிட்டது. மைக்கில் சத்தமாகச் சொன்னார்: “பாத்தீங்களே! இவவின்ரை அக்காவுக்கும் எங்களாலை ஒரு வேலை கிடைச்சிருக்கு!”

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தோழி திரும்பி என்னிடம் வந்து, எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று கேட்டாள்.

“உன் அக்காவுக்கு நாங்கள் வேலை எடுத்துக் கொடுத்ததற்கு,” என்றேன்.