பதினேழாம் குழாயும் சும்மா குழாயும்

பெங்களூரில் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நாட்களில் நான் ஓசூரில் அக்காவோடு தங்கியிருந்தேன். அக்காவுக்குக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். அதுவரை லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு சின்னச் சின்னப் பல்சக்கரங்களில் குறை தேடுபவள், வாசல்படி ஏறியதும் என்னிடம் தேட ஆரம்பிப்பாள்.

"பி.எச்டி. பண்றவ தலையப் பாரு. எண்ணெ வெச்சு எத்தன நாளாச்சு?"

என் வேலை என்னவென்று ஒருநாள் அவளுக்கு விளக்கினேன். உடம்பில் இருக்கும் செல்களுக்கு 'வளரு', 'போதும்' என்று செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. அது நேராகப் போவதில்லை, பல கை மாறிப் போகிறது. நடுவில் யார் யார் அதைக் கடத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. நம்மிடம் உள்ள அதே ஆட்களில் பலர் ஈயிடமும் உண்டு. அதனால் ஈயின் கண்ணில் மட்டும் 'வளரு' என்ற செய்தி ஓயாமல் போகும்படி செய்துவைத்திருந்தோம். கண் வீங்கினாற்போலப் பெரிதாக இருக்கும். அந்த ஈக்களை, ஏதாவது ஒரு மரபணுவில் குறையுள்ள ஈக்களோடு சேர்த்து வளர்ப்பேன். பிறக்கும் ஈக்களுக்குக் கண் கொஞ்சம் சிறுத்திருந்தால், அந்த மரபணுவும் செய்தி கடத்தும் கூட்டத்தில் ஓர் ஆள் என்று சந்தேகப்படலாம்.

"சேக்கறதுக்குக் கன்னி ஈங்கதான் வேணும். கூட்ட விட்டு வெளிய வந்த கொஞ்ச நேரத்துக்குள்ள ஆணு வேற, பொண்ணு வேறன்னு பிரிச்சிடணும்" என்றேன்.

"லேடீஸ் ஹாஸ்டல் வார்டன்னு நேராச் சொல்லேன்டி" என்றாள் அக்கா. அன்றிலிருந்து பக்கத்து வீடுகளில் எல்லாம் நான் வார்டன் ஆனேன். எந்த ஹாஸ்டல் என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அந்தச் சமயத்தில் ஆற்றுத் தண்ணீர்த் தகராறு வந்தது. மறுநாளிலிருந்து பஸ் ஓடாது என்று லேபில் பேச்சு. ஈ வளர்க்கும் என் கண்ணாடிக் குழாய்களில் இருந்த கூட்டுப்புழுக்கள் இரண்டொரு நாளில் ஈயாகிவிடும். அவை பஸ்ஸுக்காகக் காத்திருக்குமா? குழாய்களை ஒரு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, பழைய மைக்ராஸ்கோப் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ் எல்லைக்கு முன்னால் அத்திப்பள்ளியோடு நின்றுவிட்டது. பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தேன். எல்லை தாண்டி ஜூஜுவாடி வந்ததும் நம் பக்கத்துப் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"பொட்டியில என்னம்மா?"

"ஈ சார்."

திறந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். "ஏம்மா, தமிழ்நாட்டுல ஈ இல்லன்னா அங்கிருந்து தூக்கினு வர?"

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை லேப் ஆயிற்று. ஐஸ் கட்டிகள் மேல் எவர்சில்வர் தட்டை வைத்து, அதில் ஈக்களைக் கொட்டினால் குளிரில் மயங்கிக் கிடக்கும். எழுவதற்குள் கண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குழாய்க்கு ஒரு மரபணு என்று எண் போட்டிருந்ததில், பதினேழாம் எண் குழாய் என் செல்லம். லேபில் முதல்முறை பார்த்தபோது அதில்தான் கண் சிறுத்திருந்தது. என் வழிகாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரும் மகிழ்ந்து, ஒரு கருத்தரங்குக்குத் தயார் செய்துகொண்டிருந்த படங்களில் அதைச் சேர்த்துவிட்டார். இப்போது இரண்டாம் முறையாகப் பார்த்து உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி. ஒப்பிடுவதற்காக, அதே பெரிய கண் ஈக்களில் வேறு எந்த மரபணுவையும் கெடுக்காமல் ஒரு குழாய் வைத்திருந்தேன். அதன் லேபிளில் 'சும்மா' என்று எழுதியிருந்தேன்.

அன்று மதியம் அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள்.

"பழகணும்க்கா. உனக்கு உடனே தெரியாது" என்றேன், கொஞ்சம் பெரியமனுஷித்தனமாக. நான் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து எண்ணினேன். பதினேழில் கண்கள் நன்றாகவே சிறுத்திருந்தன. சும்மா குழாயில் வழக்கம்போலப் பெரிது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நல்லாப் பாத்தியா?" என்றாள் அக்கா.

"நல்லாப் பாத்தாச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அது பதினேழு இல்லடி. நீ குளிக்கப் போனப்ப ரெண்டு லேபிளயும் மாத்தி ஒட்டிட்டன்."

என் ஆராய்ச்சியில் கை வைத்ததற்காகக் கத்தினேன். அவள் அசரவில்லை.

"எங்க லைன்ல இதத்தான் பண்ணுவாங்க. கெட்ட பீஸுன்னு தெரிஞ்சே ஒண்ண டிரேல கலந்து உட்ருவாங்க. கண்டுபிடிக்கறமா, தூங்கறமான்னு பாக்க. நீ ஈயப் பாக்கலடி, லேபிளப் பாத்த."

அன்று அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் சொன்னதை விரட்டவும் முடியவில்லை. மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்ததும் நானே கேட்டேன்: "எல்லாக் குழாய்க்கும் நீயே வேற நம்பர் போட்டுக் குடு. எது எதுன்னு எனக்குச் சொல்லாத."

போட்டுக் கொடுத்தாள். எந்தப் புது எண் எந்தக் குழாய் என்று எழுதிய தாளைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள், நான் திருடிவிடுவேன் என்பதுபோல. யார் எதைக் குறிக்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் மாறிமாறிப் பார்த்தோம். தாளைப் பிரித்தபோது, பதினேழுக்கும் சும்மாவுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இருவருமே 'சிறியது' என்று குறித்திருந்தது இருபத்திமூன்றை. முதல்முறை நான் 'மாற்றமில்லை' என்று எழுதி ஒதுக்கியிருந்த குழாய் அது.

பஸ் ஓடத் தொடங்கிய அன்றே வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லேபிளை மாற்றியது யார் என்று கேட்டார். அக்கா என்றேன். எந்த இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறார் என்றார். வாட்ச் கம்பெனி என்றேன். கம்ப்யூட்டரைத் திறந்து பதினேழின் படத்தை நீக்கினார். இருபத்திமூன்றை இன்னொரு மாணவரிடம், அது என்னவென்று சொல்லாமலே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவரும் சிறியது என்றே சொன்னார்.

அக்காவை ஒருமுறை லேபுக்கு அழைத்துவரச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"லீவு போட்டு ஈ பாக்க வரணுமாக்கும்? பிரியாணி போடுவாரான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

கேட்டேன். போட்டார். இருபத்திமூன்று என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமாக வளர்ந்தது. பதினேழைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வேறு யாருடைய கட்டுரையிலாவது அந்த மரபணுவின் பெயர் வந்தால், அந்தப் பக்கத்தை நான் இப்போதும் கொஞ்சம் வேகமாகத்தான் புரட்டுகிறேன்.