மேயரின் குதிகாலில் நான்கு திருகாணிகள்

சிற்பி பேலா காலமாகிவிட்டார் என்று சென்ற செவ்வாய்க்கிழமை நகரசபையிலிருந்து தொலைபேசி வந்தது. "யார் சொன்னது?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். துக்கச் செய்தியைக்கூட விசாரித்த பிறகே நம்புகிற பிறவி நான். பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு என்றார் எழுதுவினைஞர். அடுத்த மூச்சில், பேலாவின் நினைவாக அவர் செய்த மேயர் சிலையின் பாதங்களைப் பீடத்து உலோகத் தகட்டோடு உருக்கி ஒட்டி நிரந்தரமாக்கப் போகிறோம், பொறியியலாளர் என்ற முறையில் வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். தாளை அனுப்புங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பேலா ஹங்கேரி நாட்டவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் அங்கே கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது எல்லை கடந்து, கடைசியில் மெல்பேர்ண் வந்து சேர்ந்தவர். நீச்சல் குளத்தடியில் பிள்ளைக்குத் தலை துவட்டுகிற தாய், வைத்தியசாலைத் தோட்டத்துக் குதிரை, நகரமண்டப வாசலில் நிற்கிற முதல் மேயர், மூன்றும் அவர் கைவேலை. தினமும் அவற்றைக் கடந்து போகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. தெரியாமலிருப்பதே தனக்குப் பாதுகாப்பு என்பார்.

எழுபத்துநான்கில் மேயர் சிலையின் வரைபடம் உறுதி சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. இரண்டு ஆள் உயர வெண்கலம். இப்படிப்பட்ட சிலைக்குக் கால்வழியே கம்பி இறக்கி, பீடத்துக் கொங்கிறீற்றுக்குள் புதைத்துவிடுவதுதான் முறை. இவரோ சப்பாத்துக் குதிகளில் சிறு மூடிகள் வைத்து, உள்ளே நான்கு திருகாணிகளால் மட்டும் பூட்டியிருந்தார். இலங்கையில் பன்னிரண்டு வருடம் பாலம் கட்டியவன் நான். பாலத்துக்கு வந்த கம்பி ஒப்பந்தக்காரரின் மேல்மாடியாக எழும்பியதைக் கண்ணால் கண்டவன். இங்கேயும் கம்பியை யாரோ விழுங்கிவிட்டார்கள் என்றுதான் என் புத்தி ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய பட்டறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மேயரின் காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"உம்மை ஆர் அனுப்பினது?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் அவர் பேச்செல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தமிழாகவே ஞாபகம் இருக்கிறது.

"ஒருத்தரும் அனுப்பேல்லை" என்றேன்.

"வாறவை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

திங்கட்கிழமை நகரசபைக்குக் கடிதம் எழுதினேன். திறப்பு விழா நின்றுபோனது. வெளிநாட்டுச் சிற்பி கம்பியில் களவு செய்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. பிறகு சிலையைப் பீடத்தில் பூட்டி, கயிறு கட்டி இழுத்துச் சோதித்தோம். சிலை அசையவில்லை. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். எந்தப் புயலுக்கும் அந்த நான்கு திருகாணிகள் போதும் என்று வந்தது. ஒரு நல்ல மனிதரைக் கள்ளனாக்கிவிட்டேனே என்று வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள் என் மனைவி இராசம்.

மெல்பேர்ண் புறநகர் நோபல் பார்க்கில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பேலா வந்தார். கதிரையைச் சுவரோடு தள்ளிப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்ற இராசம் மெதுவாகச் சொன்னாள்.

"உங்கட வாயைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார். முதலில நீங்கள் குடியுங்கோவன்."

நான் ஒரு மிடறு குடித்தேன். அதன் பிறகே தன் கோப்பையை எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதவர்போல் சொல்லத் தொடங்கினார்.

"எங்கட ஊரில ஒரு தலைவரின்ர சிலை நிண்டது. அதுக்குக் கால் வார்த்தது நான்தான். நல்லா வார்த்தனான். சனம் அதை விழுத்த வந்த நாள், விடியத்தொடக்கம் கயிறு போட்டு இழுத்தினம். கால் விடேல்லை. பின்னேரம் ஒரு கால் மட்டும் உடைஞ்சுது. சிலை நினைச்ச பக்கம் விழேல்லை. விழுந்த பக்கம் நிண்டது என்ர தம்பி."

இராசம் வந்து அவர் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினாள்.

"இந்த மேயரை ஆர் விழுத்தப்போகினம்?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு ஒருத்தரும் இல்லை. நாளைக்கு அவரைப்பற்றி என்ன வெளியில வருமோ, உமக்குத் தெரியுமோ? சனத்துக்கு வேண்டாமெண்டால் கழட்டி இறக்கட்டும். ஒருத்தரும் சாகத் தேவையில்லை."

"குளத்தடித் தாய்க்கும் திருகாணிதானோ?"

"அவவுக்கும்தான்."

புறப்படும்போது கோட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து மேசையில் வைத்தார். "ஒருத்தரையும் நம்பாத ஆளிட்டைத்தான் இது இருக்க வேணும்" என்றார். அன்று முதல் நண்பர்களானோம். என்றாலும், "உம்மட போனில ஏதோ சத்தம் கேக்குது" என்று பேச்சை நடுவில் வெட்டும் பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

அவர் இறந்த செய்தி வந்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை, நகரசபைக்கு எழுதிக் கொடுத்தேன். திருகாணிகள் உறுதியாக உள்ளன, சூடு பட்டால் வெண்கலத்தில் வெடிப்பு விழக்கூடும், ஒட்டக் கூடாது. கையெழுத்தும் வைத்தேன். வெண்கலம் பற்றி எழுதியது பொய்யில்லை. அவர் தம்பியைப் பற்றி எழுதவில்லை. அதை எந்தக் கோப்பிலும் ஏற்ற அவர் விரும்பியிருக்க மாட்டார்.

சனிக்கிழமை அடக்கம். சாம்பல் கோட்டு அணிந்த ஒருவர் வந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு நின்றார். எதற்கு என்று கேட்டேன். நன்றி அட்டை அனுப்ப என்றார். நான் பாதி நம்பினேன். பேலா பாதிகூட நம்பியிருக்க மாட்டார்.

அங்கிருந்து நேரே மேயரிடம் போனேன். குனிந்து, குதியின் மூடியைக் கழற்றி, ஒரு திருகாணியை ஸ்பானரால் திருகிப் பார்த்தேன். துருப்பிடிக்கவில்லை. கால்வாசிச் சுற்றுத் தளர்ந்து கொடுத்தது. மறுபடி இறுக்கினேன். நாயோடு நடந்து வந்த ஒரு முதியவர் நின்று, என் நிறத்தையும் கையிலிருந்த ஸ்பானரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உம்மை யார் அனுப்பியது?"

"இதைச் செய்தவர்" என்றேன். அவர் நம்பவில்லை.

போயிட்டு வாங்கோ, பேலா. ஸ்பானர் என்னட்டைத்தான் இருக்குது.