மிஸ் சொன்னால் மட்டும் எழுந்து உட்காருகிற தம்பி

இன்று பதுளை ஆஸ்பத்திரி ஐசியூவில் என் தம்பி கவின் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். நிமோனியா வந்து படுத்த பிறகு இதுதான் முதல் தடவை.

சந்தோஷம்தான். ஆனால் அவன் எனக்காக உட்காரவில்லை.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தது நான். பள்ளிக்கூடத்தை விட்டதும் அதற்காகத்தான். காலையில் நான், "கொஞ்சம் எந்திரிடா" என்று கெஞ்சியபோது, "போக்கா, வலிக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு உடற்பயிற்சி கொடுக்கும் மிஸ் வந்தார். நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களை மெதுவாக ஒதுக்கிவிட்டு, "கவின் சார், உங்க ஊரு மடுல்சீமை பஸ் கிளம்பப்போகுது. சீட்ல உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்துவிட்டான்! வாயாலேயே ஹோர்ன் வேறு அடித்தான்.

நான் முதுகைத் தாங்க ஓடினேன். "புடிக்காதீங்க தங்கச்சி. படுத்தே கிடந்தா காலுல இருக்கிற பலமும் போயிரும். அவனே செய்யட்டும்" என்றார் மிஸ்.

"அக்கா, தள்ளி நில்லு" என்றான் அவனும். எனக்கு வந்த பொறாமையை யாரிடம் சொல்ல?

நாளை நிற்க வைத்து இரண்டடி நடக்க வைப்பார்களாம். "நான் புடிச்சுக்கவா மிஸ்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நான் புடிக்கிறேன். நீங்க எதிர்ல நில்லுங்க. அவன் யாருகிட்டயாவது நடந்து வரணும்ல?"

பாதிப் பொறாமை அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி, அவன் என்னை விட்டுவிட்டு மிஸ் பக்கமே திரும்பிவிடுவானோ என்றுதான். அப்படித் திரும்பினால் என்ன செய்வது? தம்பி இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.