பிள்ளைத் துணி

காலை ஆறரை மணிக்கு என் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துணிப்பை தொங்கும். வாயில் நாடா போட்டு இறுக்கிய சின்னப் பை. தேயிலை ஃபேக்டரியில் மாதிரித் தூள் போட்டு அனுப்புவார்களே, அந்தப் பை. வெளியே பனி மூடி எதிர்வீடு தெரியாது. கைப்பிடியின் இரும்பு விரலில் சில்லிடும். ஆனால் பையைத் தொட்டால் சூடாக இருக்கும். அதை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பேன். விறகுப் புகையும் தேயிலையும் கலந்த ஒரு மணம் வரும். பையைத் திறந்தால் உள்ளே என் பிராக்கள் மூன்றும் மொறுமொறுவென்று காய்ந்து மடிந்திருக்கும்.

இது பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. கிள்ளானிலிருந்து கேமரன் மலையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். மகனுக்கு மூன்று மாதம். பிரசவ விடுப்பு முடிந்த கையோடு மூட்டை கட்டி வந்தாயிற்று. கணவருக்கு ஈப்போவில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கடைசியாக இருந்த ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் ஃபேக்டரி அடுப்புக்கு விறகு போடும் அண்ணன், அவர் மனைவி, ஆறாம் ஆண்டில் என்னிடமே படித்த அவர்கள் மகள், வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் என் மகனைப் பார்த்துக்கொண்டது அந்த அக்காதான். ஓய்வு மணி அடித்ததும் ஓட்டமாக ஓடிவந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவேன்.

பால் எனக்குத் தாராளமாகச் சுரந்தது. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஏதாவது ஒரு குழந்தை அழுதால் போதும், எனக்கு மார்பு நனைந்துவிடும். அதனால் பிராவும் அதற்குள் பாலை உறிஞ்சும் துணி அட்டையும் இல்லாமல் பள்ளிக்குப் போக வழியே இல்லை. பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் திறக்கும் பிரா மூன்றுதான் வைத்திருந்தேன். மலை டவுனில் தேடினால் கிடைத்ததெல்லாம் கம்பி வைத்தவை. சரி, மூன்றையும் மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்து நின்றது. எங்கள் வீட்டில் பிராவை வெளிப்படையாகக் கொடியில் போட்டதை நான் பார்த்ததே இல்லை. முதலில் பிரா, அதன்மேல் பாவாடை, அதற்கும்மேல் ஒரு துண்டு. கிள்ளான் வெயிலில் அப்படிப் போட்டாலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். பத்து நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்யும் மலையில், துண்டுக்கு அடியில் மூச்சுமுட்டிக் கிடந்த என் பிராக்கள் மூன்று நாளானாலும் பிழியப் பிழிய ஈரமாக இருந்தன. இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒன்றின் பட்டையைக் கருக்கியதுதான் மிச்சம். ஆசிரியை அல்லவா, அறிவுக்குக் குறைச்சலா என்ன! அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு, அதன்மேல் கம்பளிச் சட்டையும் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

மூன்றாவது வாரம் வலி வந்தது. மகன் வாய் வைத்ததும் பிளேடால் கீறுகிற மாதிரி இருக்கும். அவன் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம். கிளினிக்கில் மிஸ்ஸி பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். மிஸ்ஸி என்றால் அங்கே நர்ஸ்.

“பூஞ்சை, டீச்சர். ஈரப் பாடியப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா வேற என்ன வரும்? ரெண்டு பேருக்கும் மருந்து தரேன். வீட்டுல இருக்கறப்ப ஒண்ணும் போடாதீங்க. வெளிய போறப்ப போடறது நல்லா காஞ்சிருக்கணும். இல்லாட்டி பிள்ளைகிட்ட இருந்து ஒங்களுக்கு, ஒங்ககிட்ட இருந்து பிள்ளைக்குன்னு சுத்திக்கிட்டே இருக்கும்.”

மருந்து தடவினேன். குறைந்தது, மறுபடி வந்தது. காய்ந்த துணிக்கு எங்கே போவது? ஒரு ஓய்வு நேரத்தில் அக்கா வீட்டில் பால் கொடுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். பால் பவுடர் டின் வாங்கிவிட்டேன், நாளையிலிருந்து நிறுத்திவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நிறுத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எனக்கு நிறுத்த மனமில்லை, அதுதான் உண்மை. பகலெல்லாம் பிரிந்திருக்கும் பிள்ளையோடு எனக்கென்று இருந்தது அந்த நேரம் ஒன்றுதான்.

அக்கா கொல்லைப்புறக் கொடியைப் பார்த்தார். என் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

“இப்படிப் பொத்திப் பொத்திப் போட்டா எப்படிலா காயும்? குடுங்க இங்க. இவருகிட்ட குடுத்து ஃபேக்டரி அடுப்படியில காய வைக்கச் சொல்றேன்.”

“ஐயோ, அண்ணன்கிட்டயா? வேணாங்க்கா!”

“அவருக்கு என்னத்தத் தெரியும்? பிள்ளைத் துணின்னு சொல்லிக்கிறேன். பையில போட்டு இறுக்கிக் கட்டிடலாம்.”

மறுநாள் அண்ணனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. வாசனை சோப்புப் போட வேண்டாம், தேயிலைத் தூள் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்றாராம். அடுப்படிக்கும் தூள் காயும் இடத்துக்கும் நடுவே சுவர் இருக்கிறது. ஆனாலும் அவருக்குத் தொழில் பயம். நானும் வெறும் சோப்பில் துவைத்து அலசிக் கொடுத்தேன். இரவு வேலைக்குப் போகும்போது பை அவரோடு போகும். விடிந்ததும் என் கதவில் தொங்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் மகன் வாய் சுத்தமானது. எனக்கும் வலி போனது. பால் பவுடர் டின்னை உடைக்காமலே அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் தேநீரில் கலந்து குடித்துத் தீர்த்தார்கள்.

பை எப்படிக் கட்டிப் போனதோ அப்படியே காய்ந்து வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அத்தனை மக்கு நான். ஒரு நாள் ஒரு பிராவின் கொக்கி வளைந்து, மாட்டவே வரவில்லை. அப்படியே துவைத்துக் கொடுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் கொக்கி நிமிர்ந்திருந்தது. குறடால் பிடித்து நிமிர்த்திய தடம் அதில் பதிந்திருந்தது, பட்டையின் ஓரத்தில் கரி படிந்த ஒரு விரல் ரேகையும் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஒரு வாரம் அண்ணன் எதிரே வந்தால் செடியைப் பார்த்துக்கொண்டு போனேன். அவரோ எப்போதும்போல, “டீச்சர், சாப்டாச்சா?” என்று கேட்டுவிட்டு நடந்தார். அந்த ஒரு வார்த்தைக்குமேல் அவர் பேசியதில்லை. பையும் வராமல் இருந்ததில்லை. மகனுக்கு ஒன்றரை வயதாகும்வரை பால் கொடுத்தேன்.

மீதிக் கதையை அக்கா சொன்னது வெகு நாள் கழித்து, நாங்கள் டவுனுக்கு வீடு மாறிய அன்று. அடுப்பின் நேர்ச் சூடு பட்டால் ரப்பர் இளகிவிடும் என்று, அண்ணன் பின்சுவரில் தனியாக ஒரு கம்பி கட்டி, ஒவ்வொன்றாக விரித்துத் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு நாள் ஃபேக்டரிக் கணக்கு எழுதும் கிராணி வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கம்பியைப் பார்த்து, நாலு ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டி, “என்னய்யா, துணிக்கடை வச்சிட்டியா?” என்று கேட்டாராம். அண்ணன் விறகைக் கீழே போடாமல், “என் பொஞ்சாதியோடது. மழையில காயல. என்ன இப்ப?” என்றாராம். ரெண்டு வருடம் ஃபேக்டரியில் அவருக்குப் பெயரே ‘பாடிக்கடை’.

“டீச்சர் பேரு வெளிய வந்துடக்கூடாதுன்னு என் பேரச் சொல்லிட்டாரு. போகட்டும்லா, எனக்கென்ன குறைஞ்சிடுச்சு?” என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளானில் எங்கள் அப்பா என் துணி கிடக்கும் கொடிப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். அது மரியாதை என்று நினைத்து வளர்ந்தவள் நான். அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு ஒரு அடுப்படியில் செய்திருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லப் பல தடவை வாய் எடுத்திருக்கிறேன். எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் அது பிராவில்தான் போய் முடியும். அண்ணன் வேலையை விட்டு, கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போடும் மருமகனோடு போய்ச் சேர்ந்தார். சொல்லாமலே வருடங்கள் ஓடிவிட்டன.

போன மாதம், அடைமழை. வாசலில் ஒரு காய்கறி லோரி நின்றது. முட்டைக்கோசுக் கூடைகளுக்கு முன்னால், மருமகனின் பக்கத்திலிருந்து அண்ணன் இறங்கினார். தலை முழுதும் நரைத்திருந்தது. அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன். அவர் உள்ளே வந்து உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து அந்த வெள்ளைப் பையை எடுத்தார். பழுப்பேறியிருந்தது, நாடா மட்டும் புதிது.

“பிள்ளைத் துணி, டீச்சர். ஒங்க வீட்டுல காய வைக்கிற மெஷின் இருக்குன்னு பாப்பா சொல்லிச்சு. டோபிக் கடையில போட்டா நாலு பேரு பாப்பாங்க.”

“குடுங்கண்ணே” என்று வாங்கிக்கொண்டேன்.

பின்கட்டில் போய்த் திறந்தேன். மூன்று. முகர்ந்து பார்த்தேன், வாசனை சோப்பு இல்லை. குறைந்த சூட்டில் மெஷினை ஓடவிட்டு, அண்ணனுக்குத் தேநீர் கலந்து கொடுத்தேன். காய்ந்ததை எடுத்து மடிக்கும்போது ஒன்றில் கொக்கி வளைந்திருப்பதைப் பார்த்தேன். கணவரின் சாமான் பெட்டியைக் கிளறிக் குறட்டைத் தேடி எடுத்து, அதை நிமிர்த்தினேன். கொஞ்சம் கோணல்தான். அவர் அளவுக்கு எனக்குக் கை வரவில்லை.

பையைக் கொண்டுவந்து நீட்டியபோது என்னால் அடக்க முடியவில்லை. “அண்ணே, அன்னிக்கு நீங்க செஞ்சதுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் லோரியைப் பார்த்தார்.

“என்ன டீச்சர் நீங்க. பிள்ளைத் துணிதானே.”

சூடு ஆறுவதற்குள் பையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவர் மழையில் இறங்கினார்.