காஞ்சியில் கடைசி ஆளாக ஒரு டிரையத்லான்

சனிக்கிழமை காலை 7.10 மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினேன். வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "செங்கல்பட்டு வரைக்குமாவது போ. பாதியில விழுப்புரத்துல இறங்கிடாத," என்றார்.

அவர் கேலிக்குக் காரணம் உண்டு. எனக்கு வயது நாற்பத்து நான்கு. இதுவரை ஆரம்பித்ததில் எதையும் நான் முடித்ததில்லை. வீணையை இரண்டு வருடத்தில் மூட்டை கட்டினேன். இந்தியில் மூன்றாவது பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டுப் போகவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன அன்றோடு வகுப்புக்கு முழுக்குப் போட்டேன். அவருக்காகப் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர் ஒற்றைக் கையோடு பதினோரு வருடமாகப் பீரோவில் கிடக்கிறது.

அப்படிப்பட்டவள் போய்ப் பெயர் கொடுத்தது டிரையத்லானுக்கு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் செய்யும் போட்டி. எங்களைப் போன்ற புதியவர்களுக்கு 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஒரு வருடம் விடியற்காலையில் நீச்சல்குளத்துக்குப் போய், சின்னப் பிள்ளைகளோடு ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக் கற்றேன். இதையாவது முடித்தே தீருவது என்று ரயிலில் உட்கார்ந்து எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

செங்கல்பட்டில் இறங்கிப் பஸ் பிடித்தேன். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் சுமார் 40 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி 1.20. வெயில் மண்டையைப் பிளந்தது. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஹெல்மெட்டைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் வந்தார். பெயர் ஏழுமலை, ஐம்பது வயதிருக்கும்.

"நாளைக்கு ரேஸுக்கா வந்துகிறீங்க? ஏறுங்கமா, லாட்ஜுல வுட்டுர்றேன். நூறு ரூபா குடுங்க."

போகிற வழியில் அவரே சொன்னார். "என்னியும் கூப்ட்டுகிறாங்கமா. ஓட்டத்துல யாரு கடைசியா வர்றாங்களோ, அவங்க பின்னாடியே வண்டிய ஓட்டிக்கினு வரணும். முடிலன்னு உக்காந்துட்டா ஏத்திக்கினு வந்து வுட்ரணும்."

"அப்போ நாளைக்கு நாம ரெண்டு பேரும் பார்ப்போம்," என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்டிலாம் சொல்லாதீங்கமா," என்றார். ஆனால் சிரித்தார்.

ஞாயிறு காலை 5.00. காஞ்சிக்கு மேற்கே தாமல் ஏரிக்கரையில் சுமார் அறுபது பேர் நின்றோம். போட்டியை நடத்துவது சென்னையைச் சேர்ந்த ஒரு சிறு குழு. வாடகைக்குக் கொடுத்த சைக்கிள்கள் கரைமேல் வரிசையாக நின்றன. ஏரி நிறைந்து கிடந்தது. நீச்சல்குளத்தில் அடியில் நீல ஓடு தெரியும். இங்கே கையை விட்டால் விரலே தெரியவில்லை. என்னைச் சுற்றி நின்றவர்கள் கைகால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். நானும் உதறினேன்.

6.00 மணிக்கு விசில். நூறு மீட்டர் போயிருப்பேன், யாருடைய முழங்கையோ கன்னத்தில் இடித்தது. அதே நேரம் பாசிக் கொடி ஒன்று காலில் சுற்ற, பாம்பென்று அலறி வாய் நிறையத் தண்ணீர் குடித்தேன். மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. பக்கத்தில் பாதுகாப்புக்கு வந்த படகின் கயிற்றைத் தாவிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நிற்கலாம், படகு நகரக் கூடாது. அதுதான் விதி.

"இன்னாமா, ஏத்திக்கவா?" என்றார் படகுக்காரர். குரலில் கேலி இல்லை. அதனால்தான் ஏறிவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது.

"வேண்டாம். ஒரு நிமிஷம் நில்லுங்க."

ஒரு நிமிடம் இரண்டாயிற்று. பிறகு கயிற்றை விட்டேன். மல்லாந்து மிதந்து, மூச்சு வந்ததும் திரும்பிப் படுத்து, நாலு கை போடுவது, மறுபடி மிதப்பது. அப்படியே ஊர்ந்து கரை சேர்ந்தபோது 6.38. கரையில் என் சைக்கிள் ஒன்றுதான் மிச்சம். அடுத்து அதில் ஏற வேண்டியிருந்ததால் வெட்கப்பட நேரமில்லை.

சைக்கிள் பாதை திருப்புட்குழி வழியாகச் சுற்றிக் காஞ்சிக்கு வருகிறது. கோயில் கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில் என் சங்கிலி கழன்றது. வாழ்நாளில் நான் சங்கிலி மாட்டியதில்லை. டீக்கடையிலிருந்து எழுந்து வந்தவரை, "யாரும் உதவக் கூடாதுங்க, நானே செய்யணும்," என்று தடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "பின்னாடி பல்லுல மொதல்ல மாட்டுமா, அப்பால மெதிச்சுக்கினே சுத்து," என்று வாயாலேயே வேலையை முடித்துக் கொடுத்தார். அது உதவியா இல்லையா என்று நான் விசாரிக்கப் போகவில்லை. ஏழு நிமிடம் போயிற்று.

காஞ்சியில் மைதானத்தில் சைக்கிளை விட்டபோது 8.06. தண்ணீர் குடித்து ஷூவை இறுக்கிக் கட்டி 8.09-க்கு ஓட ஆரம்பித்தேன். பின்னால் ஆட்டோ ஒன்று உறுமிப் புறப்பட்டது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி வாங்க. சத்தம் காதுக்குள்ளயே கேக்குது."

"தள்ளி வந்தா, நீங்க வுழுந்தா தெரியாதேமா," என்றார் ஏழுமலை.

கோபம் வந்தது. கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே ஓடினேன். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்பது என் கணக்கு. அதன்படி ஒன்பது அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது முடித்துவிடலாம். வழியைக் காட்டத் தரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். இட்லிக் கடை, பூக்கடை, கோயில் மதில் என்று அம்புகளைப் பிடித்துக்கொண்டே போனேன்.

8.38. பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் வீடுகள் உள்ள ஒரு குறுகலான தெரு. அம்பு உள்ளே போகச் சொன்னது. உள்ளே போக இடமில்லை. தெருவின் நீளத்துக்கும் இடுப்பு உயரத்தில் பட்டு நூல் விரித்திருந்தார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல், அதைப் பாவு என்கிறார்கள். தறியில் ஏற்றுமுன் தெருவில் இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து சுருட்டுவார்களாம். அடர்ந்த மாம்பழ மஞ்சளில் அது வெயிலில் மின்னியது. இரு பக்கமும் நாலைந்து பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அம்புக்குறி பாவுக்கு அடியில் போய் மறைந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் ஒரு பெண் நிமிர்ந்தார். தனலட்சுமி என்று பிறகு தெரிந்தது.

"அய்யய்யோ, இன்னும் ஆளு இருக்குதா? எட்டு மணிக்குள்ள எல்லாரும் போயிடுவாங்கன்னு சொன்னாங்களேமா! நாங்களும் எட்டேகால் வரைக்கும் காத்துக்கினு இருந்தோம். அதுக்கு மேல வெயிலு ஏறிச்சுன்னா வேலை ஆவாது."

குற்றம் அவர்கள் மேல் இல்லை. போட்டி நடத்தியவர்கள் தங்கள் வேகத்தை வைத்து நேரம் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் போல ஒருத்தி வருவாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அம்பு மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனலட்சுமி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சரி, செவுத்தோரமா ஒட்டிக்கினு பூந்து போய்டுமா," என்றார். எதிரில் நின்ற அவர் கணவர், "ஏ, வேர்வ பட்டா சாயம் திட்டுத் திட்டா பூடும்!" என்றார். "ஓரமாத்தான போவுது, வுடுய்யா," என்றார் தனலட்சுமி.

சுவருக்கும் பாவுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. நான் என் கைகளைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் மசியும் அப்படியே இருந்தது.

"இது எத்தனை சேலைக்கு?"

"மூணு பொடவமா."

"சுத்திப் போனா எவ்வளவு தூரம்?"

பதில் பின்னாலிருந்து வந்தது. "அறநூறு மீட்டர் கூட ஆவும்," என்ற ஏழுமலை, ஆட்டோவை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினார். "ஏறிக்கமா. சுத்திக்கினு போயி அந்தாண்ட மொனையில வுட்டுர்றேன். தப்பு உங்க மேல இல்லியே. யாரு பாக்கப் போறாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். காலையில் இரண்டாவது முறையாக ஒருவர் என்னை ஏறிக்கொள்ளச் சொன்னார். ஏறினால் நேரத்துக்குள் போய்விடலாம், கழுத்தில் மெடல் விழும். ஆனால் ஓடாத தூரத்தை ஓடினேன் என்று சொல்லி அந்த மெடலை வீட்டில் எங்கே மாட்டுவது?

"நீங்க வழி காட்டுங்கண்ணே. நான் ஓடியே வர்றேன்."

முதல்முறையாக ஆட்டோ எனக்கு முன்னால் போனது. அந்த அறுநூறு மீட்டர் முழுவதும் போட்டியை நடத்தியவர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்தபோது தெருவின் மறுமுனை வந்து, அம்புக்குறியும் வந்தது. ஆட்டோ மறுபடி பின்னால் வந்துகொண்டது. இப்போது அந்தச் சத்தம் எனக்குத் துணையாக இருந்தது.

மைதானத்தை அடைந்தபோது மணி 9.05. முடிவுக் கோட்டு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அதில் மிச்சமிருந்த ஒற்றைக் காலைத் தாண்டி ஓடி நின்றேன். மேஜையருகே பட்டியலோடு நின்ற இளைஞர் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாரி மேடம். மூணு மணி நேரம் தாண்டிடுச்சு. டி.என்.எஃப் போட்டாச்சு."

"அப்படின்னா?"

"முடிக்கலன்னு அர்த்தம் மேடம்."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "மெடல் வேண்டாம். நேரம் கடந்துடுச்சுன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். முடிக்கலன்னு எழுதக் கூடாது."

"பட்டியல்ல முடிச்சவங்க, முடிக்காதவங்கன்னு ரெண்டு கட்டம்தான் மேடம் இருக்கு."

ஏழுமலை ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார். "சார், கெளம்பும்போதே மீட்டர பாத்து வெச்சேன். அஞ்சு புள்ளி ஆறு ஓடிகிறாங்க. நீங்க வெச்சதே அஞ்சுதான? பாவு போட்ட தெருவ நீங்க வந்து பாருங்க. ஏறிக்கன்னு நானே சொன்னேன், ஏறல."

இளைஞர் பட்டியலை மேஜையில் வைத்தார். பிறகு மூன்றெழுத்தையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையால் எழுதினார்: 'நேரம் கடந்து முடித்தார். 3 மணி 5 நிமிடம்.' அதைப் படித்தபோதுதான் அழுதேன். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கிளம்புமுன் ஏழுமலையின் ஆட்டோவில் அந்தத் தெருவுக்கு ஒருமுறை போனேன். பாவைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். சைக்கிள்களும் பால் வண்டியும் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் திருச்சியில் தெரு என்றால் போவதற்கும் வருவதற்கும்தான். இங்கே காலையில் சில மணி நேரம் அது வேலை செய்யும் இடம். வாசலில் நின்ற தனலட்சுமி, "டைமுக்குப் போனியாமா?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் லேட். ஆனா முடிச்சிட்டேன்."

"அது போதும் போ," என்றார்.

மாலை ரயில் விழுப்புரத்தில் நின்றபோது வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்க?"

"விழுப்புரத்துல."

"இறங்கிட்டியா?"

"இல்லங்க. முடிச்சிட்டேன். மெடல் கிடைக்கல, நேரம் தாண்டிடுச்சு. ஆனா அவங்க வெச்ச தூரத்தை விட அறுநூறு மீட்டர் அதிகமாவே ஓடிட்டேன். எழுதி வாங்கியிருக்கேன்."

"அறுநூறு மீட்டர்," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"பீரோவுல இருந்து அந்த ஸ்வெட்டர எடுத்து வெக்கட்டுமா?"

ரயில் நகர ஆரம்பித்தது. எடுத்து வையுங்கள் என்றேன்.