எட்டடித் தூரத்துச் சம்பளம்

சம்பளப் பட்டுவாடா அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அது அவளுக்குத் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இருபத்துநாலு வருஷமாக அந்த மாடியிலிருந்து வெளியே போன ஒவ்வொரு செக்கும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. பெயர், எண்ணில் தொகை, எழுத்தில் தொகை என்று மூன்றையும் விரல் வைத்துப் படிப்பாள். ஏதாவது இடித்தால் செக் திரும்பிப் போகும், எழுதியவர் முகம் தொங்கிப் போகும். தப்பான செக் ஒன்றுகூட இதுவரை அவள் கையைவிட்டுப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அதிகாரிகளுக்கும் எழுத்தர்களுக்கும் எட்டு வருஷமாகச் சம்பளம் நேராக வங்கிக் கணக்குக்கே போய்விடுகிறது. மாதக் கடைசி நாள் காலையில் ஃபோன் ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். தினக்கூலிக்குத் துப்புரவு வேலை பார்க்கும் முப்பத்தோரு பேருக்கு மட்டும் இன்னும் செக். ஏன் என்று கேட்டால், முதலிலிருந்தே அப்படித்தான் என்பார்கள். அந்தச் செக்கை உறையில் போட்டு, கோப்பில் உள்ள விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி.

முப்பத்தோரு பேரில் ஒருத்தி, சல்லடை உட்கார்ந்திருக்கும் மூன்றாம் மாடியையே துடைப்பவள். சல்லடையின் மேஜையிலிருந்து எட்டடி தள்ளி, தண்ணீர்க் குழாயடியில் அவள் வாளி இருக்கும். அவளுடைய செக் அந்த மேஜையில் சரிபார்க்கப்பட்டு, மூன்று மாடி இறங்கி, தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ஆறாம் நாள் அவள் வீட்டுக் கதவைத் தட்டும். அந்த நேரத்தில் அவள் இங்கே தரை துடைத்துக்கொண்டிருப்பாள். இந்தக் கூத்து யார் கண்ணையும் உறுத்தவில்லை. சல்லடையின் கண்ணையும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, செக்குகள் உறைக்குள் போகும் நேரத்தில் மூன்றாம் மாடிக்காரி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, என் செக்கைக் கையில குடுத்துடறீங்களா? பொண்ணுக்கு நர்ஸ் படிப்புல இடம் கெடைச்சிருக்கு. அடுத்த வெள்ளிக்குள்ள முதல் தவணை கட்டணும்."

"கையில குடுக்கக் கூடாதும்மா. தபால் ரசீது இல்லாம கணக்கு முடியாது. வியாழக்கிழமையே வந்துடுமே, எதுக்குப் பதறுற?"

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவள் வாளிக்குத் திரும்பினாள். சல்லடை அந்த உறையை மற்ற உறைகளோடு சேர்த்துக் கட்டினாள். விதிப்படி நடந்துகொண்ட திருப்தியில் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மாதக் கடைசியில் துப்புரவுக்காரர்களின் வருகைப் பதிவேடு மேஜைக்கு வந்தது. மூன்றாம் மாடிக்காரிக்கு முதல் வாரத்து வெள்ளிக்கிழமை அரை நாள் வெட்டு. அந்தப் பெண் சும்மா விடுப்பு எடுக்கிற ஆள் இல்லையே என்று யோசித்தபடி சல்லடை பக்கத்தைப் புரட்டினாள். அடுத்தவருக்கும் முதல் வாரத்தில் அரை நாள் வெட்டு. அதற்கடுத்தவருக்கும். முப்பத்தோரு பேருக்கும் அதேதான். மாதாமாதம் அவளே டிக் போட்டு அனுப்பிய வெட்டுகள். கையில் காசு வந்ததும் சோம்பல் வந்துவிடுகிறது என்று இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழாயடிக்குப் போய் நேராகவே கேட்டுவிட்டாள்.

"என்னம்மா இது, எல்லாருக்கும் முதல் வாரம் அரை நாள்?"

"தபால்காரர் வர்ற நேரத்துல யாரு வீட்ல இருப்பாங்க? கதவு பூட்டியிருந்தா சீட்டை ஒட்டிட்டுப் போயிடுவாரு. மறுநாள் தபால் ஆபீஸ்ல போய் நின்னு வாங்கணும். எங்களுக்குக் கணக்கு இல்லைன்னு பேங்குல செக்கை வாங்க மாட்டாங்க. செக் மாத்துற கடைக்குப் போவோம். நூத்துக்கு மூணு புடிச்சுக்குவான்."

"அன்னைக்குப் பொண்ணுக்குப் பணம் கட்டினியா இல்லையா?"

"கவுண்டரை மூடப் போற நேரத்துல போய் விழுந்தோம். கடைக்காரன் புடிச்சது போக எரநூத்துச் சொச்சம் துண்டு விழுந்துச்சு. பக்கத்து வீட்ல கைநீட்டி வாங்கினேன்." அவள் துணியைப் பிழிந்தாள். "அதை விடுங்கக்கா. ரெண்டாவது தவணை ஐயாயிரம் இருக்கு. கடைசித் தேதி அடுத்த மாசக் கடைசி நாள், சாயங்காலம் நாலு மணி. இனிமே கவுண்டரே கிடையாதாம், ஃபோன்லதான் கட்டணுமாம். ஒரு நாள் தள்ளிப்போனாலும் இடம் அடுத்த பொண்ணுக்குப் போயிடும்."

மாதக் கடைசி நாள் இங்கிருந்து கிளம்பும் செக், ஆறு நாள் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போகும். இதைச் சல்லடைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவமானமாக இருந்தது. தப்பான செக் ஒன்றுகூடப் போனதில்லை என்று பெருமை அடித்துக்கொண்டோமே, போன செக்கெல்லாம் எங்கே போய் எப்படிப் பணமாகிறது என்று ஒரு நாளாவது கேட்டோமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் கணவர் எழுதுபொருளும் நகலெடுப்பும் வைத்துக் கடை நடத்துபவர். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே நுழைந்தபோது, அவர் வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். யாரோ முப்பது ரூபாய்ப் பேனாவுக்கு அட்டையைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நூத்துக்கு ரெண்டு மெஷின்காரனுக்கு! நான் கடை வெச்சிருக்கேனா, அவன் வெச்சிருக்கானா?"

"அப்ப ரொக்கமா மட்டும் வாங்குங்களேன்."

"ரொக்கம் மட்டும் சும்மா வருதா? சில்லறைக்கு நாயா அலையணும். கடை சாத்துறப்ப அரை மணி நேரம் உக்காந்து எண்ணணும். கள்ள நோட்டு வந்தா வாய மூடிக்கிட்டு முழுங்கணும். பேங்குல சில்லறையைக் கட்டினா எண்ணுறதுக்குக் கூலி கேக்குறான். ஓசியில கை மாறுற காசுன்னு ஒண்ணு இருந்தா காட்டு பாக்கலாம்."

"செக்கு?"

"செக்குக்கும் செலவு உண்டும்மா. என்ன, அதை வாங்குறவன் தலையில கட்டிடுவாங்க. அதனால எழுதுறவனுக்குத் தெரியாது."

அவர் ஏதோ போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் எழுதுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. கடையில் வீணாய்ப் போன நகல்தாள் ஒன்றை எடுத்து, அதன் வெற்றுப் பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

மாதச் சம்பளம் ஏழாயிரத்து எண்ணூறு. செக் மாற்றும் கடைக்கு இருநூற்று முப்பத்துநாலு, அரை நாள் கூலி நூற்றைம்பது, பஸ்ஸுக்கு முப்பத்தாறு. ஆக, வாங்குகிறவளுக்கு நஷ்டம் நானூற்று இருபது. அரசாங்கத்துக்குச் செக் தாளும் உறையும் ஆறு ரூபாய், பதிவுத் தபால் முப்பது, வங்கிக்குப் பத்து. எழுதுகிறவர், இரண்டு கையெழுத்துக்காரர்கள், தான் என்று நாலு பேருடைய நேரத்துக்கு நாற்பது. எல்லாம் சேர்ந்து ஐந்நூற்று ஆறு. முப்பத்தோரு பேருக்குப் பெருக்கினாள். பதினைந்தாயிரத்து அறுநூற்று எண்பத்தாறு வந்தது. இரண்டு துப்புரவுக்காரர்களின் முழுச் சம்பளம், அதற்கு மேலேயும் எண்பத்தாறு ரூபாய். நம்ப முடியாமல் இன்னொரு தரம் பெருக்கினாள். அதே எண்தான் வந்தது.

மறுநாள் அதைச் சுத்தமாக எழுதிக் கணக்கு அதிகாரியிடம் கொண்டுபோனாள். நல்ல மனுஷர், யார் வம்புக்கும் போகாதவர். எந்தக் கோப்பு வந்தாலும் "பார்க்கலாம்" என்று சொல்லிப் பார்க்காமலே வைத்துவிடுவார்.

"பதினஞ்சாயிரத்துச் சொச்சமா? மாசத்துக்கா?"

"சரிபார்த்துட்டேன் சார்."

அந்த ஒரு வார்த்தையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சல்லடை சரிபார்த்த எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை.

"சரி, நேரா கணக்குல போட்டுடலாம். ஆனா அவங்களுக்குக் கணக்கே இல்லையேம்மா. இருபதாம் தேதிக்குள்ள எல்லாருடைய கணக்கு நம்பரும் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. கணக்குத் தொடங்கச் சம்பளச் சீட்டு வேண்டும் என்றது வங்கி. கணக்கு எண் இருந்தால்தான் சம்பளச் சீட்டு அச்சாகும் என்றது அலுவலகத்துக் கம்ப்யூட்டர். இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தன. சல்லடை இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் எழுந்து பின்பக்கத்துப் பழைய பதிவேட்டு அறைக்குப் போனாள். அங்கே இரும்பு அலமாரிகளில் தூசி படிந்து கிடந்தன, இத்தனை வருஷத்துச் செக் புத்தகங்களின் அடிக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, தொகை, ஓரத்தில் அவளுடைய சுருக்கக் கையெழுத்து. தூசியில் தும்மித் தும்மி முப்பத்தோரு பேருக்கும் பன்னிரண்டு மாதத்துக் கட்டைகளைத் தேடி எடுத்து, நகலெடுத்து, அலுவலக முத்திரை குத்தி வங்கிக்குக் கொண்டுபோனாள்.

வங்கி மேலாளர் சின்ன வயசுப் பெண். நகல்களைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"இது சம்பளச் சீட்டு இல்லையேம்மா."

"இல்லைதான். அது இருந்தா இதை ஏன் தூக்கிட்டு வர்றேன்? இந்தத் தேதியில, இந்த ஆளுக்கு, இவ்வளவு சம்பளம் குடுத்தோம்னு அரசாங்கமே எழுதி வெச்சது. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

மேலாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். "எல்லாத்துலயும் ஒரே கையெழுத்தா இருக்கே, யாருது?"

"என்னுதுதான்."

"ஒரு மாசம்கூட விட்டுப்போகலையே" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பப் படிவங்களை எண்ணி எடுத்து மேஜையில் வைத்தாள்.

நாலு நாள் சாப்பாட்டு இடைவேளையில் முப்பத்தோரு பேரும் வரிசையில் நின்று கணக்குத் தொடங்கினார்கள். உறை ஒட்டும் எழுத்தர், வாய்த்துடுக்குப் பேர்வழி, சும்மா இருக்கவில்லை. "செக்கெல்லாம் போயிட்டா உங்க மேஜைக்கு என்னக்கா வேலை? உங்க நாற்காலிக்கு நீங்களே வேட்டு வைக்கிறீங்களே!" சல்லடையும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. இந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியாது. உண்மையாகவே பயமாக இருந்தது. ஆனாலும் பத்தொன்பதாம் தேதி, முப்பத்தோரு கணக்கு எண்களையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கணக்கு அதிகாரியின் மேஜையில் வைத்தாள்.

மாதக் கடைசி நாள் வந்தது. காலை பத்து மணிக்கு எழுத்தர்களின் ஃபோன்கள் வரிசையாகச் சத்தம் போட்டன. மூன்றாம் மாடிக்காரியின் ஃபோன் ஊமையாக இருந்தது. பன்னிரண்டானது, இரண்டானது. அவள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குச் சல்லடை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். துப்புரவுக்காரர்களின் பட்டியல், கணக்கு அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலையில் நின்றது. அவரோ தரைத்தளத்தில் கூட்டத்தில் இருந்தார்.

அனுமதி கேட்காமல் வேலை நேரத்தில் மாடியைவிட்டு இறங்கியவள் அல்ல அவள். அன்று எழுந்தாள். மூன்று மாடியும் தடதடவென்று இறங்கி, கூட்ட அறைக் கதவைத் தள்ளினாள். பதினைந்து தலைகள் திரும்பின.

"சார், மேல வந்து ஒரு பொத்தானை அழுத்தணும்."

"கூட்டம் முடியட்டும்மா, பார்க்..."

"இப்பவே சார். நாலு மணிக்கு ஒரு பொண்ணோட படிப்பு போயிடும்."

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்து அவள் பின்னால் மாடி ஏறினார். மூன்று இருபதுக்குப் பொத்தானை அழுத்தினார். சிறிது நேரத்தில் குழாயடியில் ஒரு ஃபோன் சத்தம் போட்டது.

மூன்றாம் மாடிக்காரி ஓடிவந்து ஃபோனை நீட்டினாள். "நீங்களே படிச்சுச் சொல்லுங்கக்கா."

சல்லடை விரல் வைத்துப் படித்தாள். பெயர் சரி. முதல் வாரத்து அரை நாள் வெட்டு போக ஏழாயிரத்து அறுநூற்றைம்பது. ஒரு பைசா குறையவில்லை. கல்லூரிப் பக்கத்தைத் திறந்து, பெண்ணின் பதிவெண்ணை அவளே ஒவ்வோர் எண்ணாக அடித்தாள். மூன்று முப்பத்தெட்டுக்குப் பணம் கட்டிய ரசீது திரையில் வந்தது. தாய்க்காரி மகளின் எண்ணை அழுத்தி, "கட்டியாச்சுடி, கட்டியாச்சு" என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு சுவரோடு சாய்ந்து அழுதாள். சல்லடைக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தான் ரசீதை இன்னொரு தரம் படித்தாள்.

படித்தவள் நிமிர்ந்தாள். "இது என்ன, ஐயாயிரத்துப் பதினெட்டு?"

"கீழே ஏதோ சேவைக் கட்டணம்னு போட்டிருக்கே அக்கா."

"யாருக்கு யாரு செஞ்ச சேவை? கவுண்டரை மூடினது அவங்க. ஃபோன்லதான் கட்டணும்னதும் அவங்க. சொன்னபடி கட்டினதுக்கு நீ பதினெட்டு ரூபா தண்டம் கட்டணுமா?"

"விடுங்கக்கா. நானூத்தி இருபது போயிட்டிருந்த இடத்துல பதினெட்டுதானே."

"இப்படித்தான்மா நானும் இத்தனை வருஷமா விட்டேன்" என்றாள் சல்லடை. செக்குகள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்த மேஜையில் உட்கார்ந்து, ஒரு புதுத் தாளை எடுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தாள். "உன் பொண்ணு காலேஜ்ல மொத்தம் எத்தனை பேர் படிக்கிறாங்க? கேட்டுச் சொல்லு."