நசீமாவின் முறை

இன்று ரெட்டியார்பாளையத்தில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். கையில் கீழே வைக்க முடியாத ஒரு துப்பறியும் நாவல்.

பக்கத்தில் இருந்த பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல், ஓயாத அழுகை. “வெளிய நிக்கிறேன்க்கா. நசீமான்னு கூப்ட்டா ஒரு குரல் குடுங்க” என்றாள். தலையாட்டினேன்.

என் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

வாசலில் அவள், “என்னை இன்னும் கூப்புடலையாக்கா?”

நர்ஸ் முந்திக்கொண்டார். “அப்பவே ரெண்டு வாட்டி கூப்ட்டாச்சும்மா. இனிமே கடைசியாத்தான்.”

எனக்கு என் பெயர் மட்டும் கேட்டிருக்கிறது.

அவள் திட்டவில்லை. புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

அறுவை என்று பாதியில் போட்ட புத்தகங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. இனி க்ளினிக்குக்கு அதில் ஒன்றைத்தான் எடுத்துப்போக வேண்டும். உங்களிடம் அதைவிட அறுவையாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.